ஜினெட் அச்சடித்த நானூறு அட்டைகள்

ஜினெட் லவாய் மேல் எனக்குப் பதினெட்டு வருடக் கோபம் ஒன்று உண்டு. அவள் எங்கள் ஊரின் பனிவண்டியை ஓட்டுகிறாள். லாரியின் முன்னால், அதன் அகலத்துக்கும் மேலே நீண்ட இரும்புத் தகடு. சாலையில் விழுந்த பனியை அது வழித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும். நான் விடிகாலையில் எழுந்து, முதுகு ஒடிய ஒரு மணி நேரம் வாரிக் கொட்டி, காரை வெளியே எடுக்க வழி செய்து வைப்பேன். உள்ளே வந்து காபியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து ஜினெட் வருவாள். ஒரே தள்ளு. வாசலில் மறுபடியும் முழங்கால் அளவு பனி. போகும்போது கை வேறு ஆட்டிவிட்டுப் போவாள்.

நான் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாமிநாதன் என்ற பெயரை இந்த ஊர் வந்த முதல் வாரமே சாம் என்று வெட்டிவிட்டது. ஜினெட் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் கேட்பேன்.

"என் வாசல்ல கொட்டாம அந்தப் பக்கம் தள்ளினா என்ன?"

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் கேட்பானே. ரோடு என் வேலை சாம், வாசல் உன் வேலை. நாப்பது டன் வண்டியை வெச்சுக்கிட்டு உனக்காகக் கோலமா போட முடியும்?"

கோலம் என்று அவள் சொல்லவில்லைதான். அவள் சொன்னது கேக் மேல் போடும் கிரீம் பூவை. அந்த எரிச்சலுக்கு எனக்குக் கோலம்தான் பொருத்தமாகக் கேட்டது.

என்னைவிடப் பெரிய கோபக்காரர் ஒருவர் இருந்தார். வெண்டல் ஹாஸ்கின்ஸ். எழுபத்து நான்கு வயது, நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் தபால் பெட்டியை ஜினெட்டின் வண்டி மூன்று குளிர்காலங்களில் நான்கு முறை சாய்த்திருக்கிறது. அதோடு அவர் எங்கள் ஊரின் சட்டமன்ற உறுப்பினர். இதைக் கேட்டுக் கார், கொடி, கூட்டம் என்று கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் மாநிலம் சுண்டைக்காய் அளவு. அதற்கு நானூறு உறுப்பினர்கள். வருடச் சம்பளம் நூறு டாலர். தலைநகருக்குப் போய்வரும் பெட்ரோலுக்கே அது காணாது. அதனால் விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லூரிப் பையன் என்று யார் வேண்டுமானாலும் உறுப்பினர். எந்தத் தெருவில் போனாலும் ஒருவர் மேல் இடித்துக்கொள்ளலாம்.

வெண்டல் பதினான்கு வருடமாக உறுப்பினர். அவருக்கு ஒரே கொள்கை: அரசாங்கம் யாரையும் எதையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயம் என்ற சொல் ஒரு மசோதாவில் இருந்தால் போதும், மீதியைப் படிக்காமலே எதிர்த்து வாக்களிப்பார். பெரியவர்கள் காரில் சீட் பெல்ட் போட வேண்டும் என்ற மசோதாவை நான்கு முறை தோற்கடித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் பெல்ட் போடாமல் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை.

ஜினெட்டுக்கு ஒரே மகள், கொலெட். ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. இந்தக் குளிரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். என் கடையிலிருந்துதான் மருந்து போனது. பத்து நாளில் வலி போய்விட்டது. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்த பெண், திங்கள்கிழமை வேறொரு குழந்தையாக எழுந்தாள். கை கழுவினாள், கழுவினாள், தோல் வெடிக்கும் வரை கழுவினாள். தோள்பட்டை தானாகத் துள்ளியது. எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிப்போனது. எல்லாவற்றையும்விடச் சாப்பாடுதான் கொடுமை. யார் மூச்சாவது எச்சிலாவது பட்டிருக்கும் என்று எதையும் வாயில் வைக்க மாட்டாள். அம்மா தட்டில் போட்டால் சாப்பிட மாட்டாள். அம்மா அதே அறையில் பேசியிருந்தாலும் சாப்பிட மாட்டாள். மூடி பிரிக்காத பாக்கெட் மட்டும்தான். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கினாள்.

இதையெல்லாம் நான் வெளியே சொல்லலாமா என்று கேட்கலாம். மருந்துக்கடைக்காரன் வாயைத் திறக்கக் கூடாதுதான். ஆனால் ஜினெட் இதைப் பனி விழும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். எழுதச் சொன்னதும் அவள்தான்.

முதல் டாக்டர் பிடிவாதம் என்றார். இரண்டாமவர், தாய் குளிர்காலத்தில் நாள் முழுக்க வண்டி ஓட்டுவதால் குழந்தை ஏங்கிப்போயிருக்கிறாள் என்றார். அந்தத் தாய் அவர் வீட்டுச் சாலையையும் சேர்த்துத்தான் வழித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக, இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்து, பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நோய்க்குப் பெயர் சொன்னார். நீளமான பெயர். சுருக்கினால் மூங்கில் தின்னும் கரடியின் பெயர் வரும். தொண்டைக் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் மூளையையும் சேர்த்து அடித்துவிட்டது என்றார். மாத்திரைகளுக்கு நோய் பெரிதாக அசையவில்லை. கடைசியில், மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும் என்றார். இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம்.

ஜினெட்டின் கணவர் ஆர்மண்ட் ஒரு சின்ன மர ஆலையில் வேலை செய்கிறார். காப்பீடு அந்த ஆலை வழியாக வந்தது. காப்பீட்டுக்காரர்கள், இது இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை, பணம் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். பனியில் ஓட்டும் ஸ்கூட்டரை விற்று, சர்ச்சில் டிக்கெட் வைத்து அவரைக்கொட்டைச் சாப்பாடு போட்டு வசூல் செய்து, முதல் முறை எப்படியோ ஏற்றினார்கள். ஆறு வாரத்தில் கொலெட் தட்டில் சாப்பிட்டாள். நான்கு மாதம் நல்ல மாதங்கள். பிறகு மறுபடி ஒரு தொண்டை வலி, மறுபடி பாக்கெட், மறுபடி எறும்பெழுத்து. இரண்டாம் முறைக்கு விற்க வீட்டில் எதுவும் இல்லை. இரண்டாவது தடவை சர்ச்சில் அவரைக்கொட்டை தின்ன ஊரிலும் வயிறு இல்லை. காப்பீட்டிலிருந்து மூன்றாவது மறுப்புக் கடிதம் வந்த அன்று ஜினெட் என் கடையில் நின்றுகொண்டு அதைச் சத்தமாகப் படித்தாள். வரிசையில் நின்ற எட்டுப் பேரும் கேட்டார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் பக்கத்து ஊர் உறுப்பினர் பெவர்லி, பழைய நர்ஸ். அவர் அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் ஒரு மசோதா கொண்டுவந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் இந்த நோய்க்கான சிகிச்சைக்குக் காப்பீட்டுக்காரர்கள் பணம் தர வேண்டும், கட்டாயம். சட்டம் வந்தால் கொலெட்டுக்கு மருந்து ஏறும். வராவிட்டால் ஏறாது. ஜினெட்டுக்குக் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

எங்கள் ஊரில் அரசியல் நடப்பது சனிக்கிழமை குப்பைக் கிடங்கில். வீட்டுக்கு வந்து குப்பை எடுக்க ஆள் கிடையாது. எல்லோரும் அவரவர் மூட்டையோடு வர வேண்டும். பாட்டில் ஒரு பக்கம், அட்டைப் பெட்டி ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். அதற்குள் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிடலாம். நான் பாட்டில்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜினெட் நேராக வெண்டலிடம் போய் நின்றாள்.

"வெண்டல், பெவர்லியோட மசோதாவுக்கு ஓட்டு போடுவீங்களா?"

"என் தபால் பெட்டியைப் பத்தி மொதல்ல பேசலாமா?"

"அது ரோட்டுக்குள்ள ஒரு அடி நீட்டிக்கிட்டு நிக்குது. நிலம் அளந்தவர் நீங்க. உங்களுக்கே அளவு தெரியலன்னா நான் என்ன பண்ண?"

"அளந்துதான் நட்டேன். உன் வண்டிதான் அளவு தெரியாம வருது."

"சரி, பெட்டி என் தப்பு. புதுசு வாங்கித் தரேன். கொலெட்டுக்கு ஓட்டு போடுங்க."

வெண்டல் கையிலிருந்த அட்டைப் பெட்டியை மெதுவாக மடித்தார். "கொலெட்டுக்கு எதிரா எனக்கு ஒண்ணுமில்ல, ஜினெட். சர்ச் சாப்பாட்டுக்கு மூணு டிக்கெட் வாங்கினேன். நான் ஒருத்தன்தான் சாப்பிட்டேன். ஆனா இன்னிக்கு ஒரு கம்பெனியைக் கட்டாயப்படுத்தினா நாளைக்கு இன்னொண்ணு வரும், அதுக்கப்புறம் இன்னொண்ணு வரும். எல்லார் பிரீமியமும் ஏறும். அந்த மர ஆலைக்காரன் காப்பீடே வேணாம்னு விட்டுட்டா உன் கொலெட் என்ன பண்ணுவா?"

"இப்பவும்தான் காப்பீடு இருக்கு. அதை வெச்சு என்ன பண்றா?"

வெண்டல் மடித்த பெட்டியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். ஜினெட் திரும்பி வந்து என் பாட்டில்களில் ஒன்றைப் பிடுங்கித் தொட்டிக்குள் விட்டெறிந்தாள். அது திருப்பித் தந்தால் காசு கிடைக்கும் பாட்டில் என்று நான் சொல்லவில்லை.

குழு விசாரணைக்கு நானும் போனேன். எங்கள் மாநிலத்தில் எந்த மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரு ரோஜா நிற அட்டையை நிரப்பிக் கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். ஜினெட் நான்கு மணி நேரம் காத்திருந்தாள். வேலை உடுப்போடுதான் வந்திருந்தாள், பளபளக்கும் மஞ்சள் பட்டை போட்டது. எழுதி வந்த தாளை அவள் எடுக்கவே இல்லை. கொலெட்டின் இரண்டு கையெழுத்துகளை மட்டும் குழுவின் முன்னால் வைத்தாள்.

"இது வெள்ளிக்கிழமை எழுதினது. இது திங்கக்கிழமை எழுதினது. கண்ணாடி போட்டுப் பாருங்க. இடையில ரெண்டே நாள். நான் பனி ஓட்டறவ. ராத்திரியில மொத்த ரோடும் மறைஞ்சு போறதைப் பாத்திருக்கேன். ஆனா அடியில ரோடு இருக்குன்னு எனக்குத் தெரியும். வழிச்சா வரும். ஒரு தடவை வழிச்சோம், வந்தா. மறுபடி மூடிக்கிச்சு. நான் கேக்கறது இன்னொரு தடவை வழிக்கத்தான்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் சரியில்லை.

குழு பதினொன்றுக்கு எட்டு என்று எதிராக முடிவு சொன்னது. இருந்தாலும் குழு எதிர்த்தால் மசோதா அங்கேயே சாகாது. நானூறு பேர் அவைக்கு வந்தே தீரும். அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார் பெவர்லி.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் உள்ளே நுழைகிறது. நானூறு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுக்கலாம் என்றது ஜினெட். அவள் அக்கா காய்ச்சும் மேப்பிள் சர்க்கரை மிட்டாயில் ஒன்றை அட்டையோடு கட்டலாம் என்றதும் அவள்தான். அட்டையில் என்ன எழுதுவது என்று வந்தபோது நான் குதித்தேன். உறுப்பினர் ஒவ்வொருவர் மேசையிலும் இரண்டு பட்டன்கள். ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. அது எனக்குத் தெரியும். ஆகவே, "எங்கள் பிள்ளைகளுக்காகப் பச்சைப் பட்டனை அழுத்துங்கள்" என்று போடச் சொன்னேன். எழுத்தும் பச்சை, ரிப்பனும் பச்சை. நூலகத்தில் உட்கார்ந்து மூன்று நாள் கட்டினோம். பெவர்லி ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அந்த வாரம் பார்த்து அவருக்கு நிற்க முடியாத காய்ச்சல்.

வாக்கெடுப்பு நாள் காலையில் அவை வாசலில் நின்று எல்லோருக்கும் கொடுத்தோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிட்டாய்க்கு அவ்வளவு மரியாதை. வெண்டலும் ஒன்று வாங்கிக்கொண்டார். அட்டையைப் படித்தார். ஜினெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு மிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மூஞ்சியைப் பாரு, மிட்டாயிலகூட வரி இருக்கான்னு பாக்கறார்" என்றாள் ஜினெட்.

நாங்கள் மாடியில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். அங்கே பேசக் கூடாது, கை தட்டக் கூடாது. மீறினால் சிவப்புக் கோட்டுப் போட்ட காவலர் வந்து வெளியே கொண்டுபோய் விடுவார். நத்தை பற்றிய மசோதா, படகு நிறுத்தும் மசோதா எல்லாம் போனது. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் எங்களுடையது வந்தது. அவைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"குழுவின் பரிந்துரை, இந்த மசோதா சட்டமாக வேண்டியதில்லை என்பது. இப்ப அவை முன்னால இருக்கிற கேள்வி, குழுவின் பரிந்துரையை ஏத்துக்கலாமா என்பது. ஏத்துக்கிறவங்க பச்சை, ஏத்துக்காதவங்க சிவப்பு."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. ஜினெட்டுக்கு எனக்கு முன்னால் புரிந்துவிட்டது. அவள் விரல்கள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் அது தெரிந்தது. வேண்டியதில்லை என்பதற்கு ஆம் சொன்னால் மசோதா அங்கேயே காலி. கீழே மேசைக்கு மேசை பச்சை ரிப்பன் கட்டிய எங்கள் அட்டைகள், கொலெட்டின் மருந்தை நிறுத்தச் சொல்லி நாங்களே கெஞ்சிக்கொண்டிருந்தன.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு விதி தெரியும். ஆனால் ஒரே நாளில் முப்பது நாற்பது மசோதா ஓடுகிறது. முக்கால்வாசிப் பேர் பக்கத்து மேசையைப் பார்த்தோ கையில் கிடைத்த தாளைப் பார்த்தோதான் அழுத்துவார்கள்.

எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கெடுப்புக்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் எழுந்து தலைவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். கேள்வி என்று பெயர், உள்ளே இருப்பது கடைசிப் பிரசாரம். இன்னின்னது எனக்குத் தெரிந்தால் நான் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்பார்கள். பெவர்லி கேட்க வேண்டியது. அவருக்குப் பதிலாக எழுந்தது அந்த வருடம்தான் ஜெயித்து வந்த ஒரு கல்லூரிப் பெண். பாவம், கையில் எங்கள் அட்டையைத்தான் வைத்திருந்தாள்.

"அவைத் தலைவர் அவர்களே, இந்தப் பிள்ளைங்க ஒரே வாரத்துல மாறிப்போறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா, மருந்து இருக்குன்னும் தெரிஞ்சா, நான் பச்சைப் பட்டனை அழுத்த மாட்டேனா?"

ஜினெட் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள், ரிவர்ஸ் எடுக்கும் லாரியை நிறுத்துவது போல. காவலர் வந்தார்.

"உக்காருங்கம்மா, இல்லன்னா வெளிய போகணும்."

"வெளிய போறேன், கீழ போகணும், கதவைத் திறங்க, அட்டையில தப்பு இருக்கு."

"வாக்கெடுப்பு மணி அடிச்சாச்சு. இனிமே கீழ்க் கதவு திறக்காது."

அவள் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பச்சை என்று சொன்னது நான். அந்த நிமிடம் எனக்கு ஊருக்குத் திரும்பிப் போகவே பிடிக்கவில்லை. கொலெட்டின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கேள்வி வெண்டலுடையது. கேட்கப்போவது அவர் என்று நிகழ்ச்சி நிரலில் முன்பே அச்சாகியிருந்தது. மசோதாவைப் புதைக்கக் கடைசி மண் போட வேண்டியவர் அவர்தான். இடைநாழியில் இருந்த ஒலிவாங்கிக்கு நடந்து வந்தார். பையிலிருந்து எங்கள் அட்டையை எடுத்தார்.

"அவைத் தலைவர் அவர்களே, ஒரு கேள்வி. நம்ம எல்லார் கையிலயும் மிட்டாய் கட்டின ஒரு அட்டை இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, அதைக் கொடுத்த அம்மா இந்த மசோதா பிழைக்கணும்னு ஆசைப்படறாங்கன்னு தெரிஞ்சா, ஆனா அட்டையில போட்ட மாதிரி பச்சையை அழுத்தினா மசோதா செத்துப்போகும்னும் தெரிஞ்சா, அவங்களுக்கு உதவ நினைக்கிறவங்க சிவப்பை அழுத்தணும்தானே? அப்புறம், கட்டாயங்கிற வார்த்தையே இந்த மாநிலத்துக்கு ஆகாதுன்னு என்னை மாதிரி நினைக்கிறவங்க, மிட்டாயைத் தின்னுட்டு, பச்சையை அழுத்தணும்தானே?"

அவையில் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு நூற்றுக்கணக்கில் அட்டைகள் திரும்பும் சத்தம்.

"உறுப்பினர் தனக்கு விருப்பமான எந்தப் பட்டனை வேணும்னாலும் அழுத்தலாம்" என்றார் தலைவர். அந்தக் கேள்விக்கு எப்போதும் அதுதான் பதில்.

சுவரில் பெரிய பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் விளக்கு எரியும். எரியத் தொடங்கியது. நான் வெண்டலின் பெயரைத் தேடினேன். பச்சை. மனுஷன் சொன்னபடியே எங்களுக்கு எதிராகத்தான் அழுத்தியிருந்தார். அன்று வராதவர்கள் போக, பச்சை நூற்று அறுபத்து எட்டு. சிவப்பு நூற்று எண்பத்து ஒன்று. குழுவின் பரிந்துரை விழுந்தது. பத்து நிமிடத்தில், நிறைவேற்றலாமா என்ற கேள்வி வந்தது. இப்போது பச்சை உண்மையிலேயே பச்சை. கல்லூரிப் பெண் அதை ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள். ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தோம். அதிலும் வெண்டல் எதிர்தான்.

ஜினெட் எனக்கு முன்னால் படியிறங்கினாள். நேராக வெண்டலைத் தேடிப் போனாள். அவர் நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பிரிக்காத சாண்ட்விச் ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரியே கேட்டாள்.

"காலைல அட்டையைப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். பதினாலு வருஷத்துல இவ்வளவு சுலபமா ஒரு மசோதா சாகற சந்தர்ப்பம் எனக்குக் கிடைச்சதில்ல. சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது. தப்பு உங்களுதுதான்."

"அப்புறம்?"

"சாப்பிட உக்காந்தேன். சாப்பாடு எறங்கல."

ஜினெட் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க இடத்துல நான் இருந்திருந்தா சாப்பிட்டிருப்பேன், வெண்டல்" என்றாள். "ரெண்டு சாண்ட்விச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் பொண்ணு, ஜினெட். எனக்கு அது வெறும் கொள்கை." சாண்ட்விச்சைப் பிரித்துப் பாதியை அவளிடம் நீட்டினார். "இன்னமும் நான் இதுக்கு எதிர்தான். அதுல மாத்தமில்ல."

"தெரியும்" என்றாள் இவள். வாங்கிச் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். பதினெட்டு வருடத்தில் ஜினெட் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். வெண்டல் என்ன செய்வதென்று தெரியாமல் அவளிடம் கைக்குட்டைக்குப் பதிலாக அவையின் நிகழ்ச்சி நிரலை நீட்டினார். அவள் அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேலவை பெரிய தொந்தரவு செய்யவில்லை. கோடையில் ஆளுநர் கையெழுத்திட்டார். சட்டம் புது வருடத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டுக்காரர்கள் தாள் கேட்டார்கள், தாளுக்குத் தாள் கேட்டார்கள். டாக்டரம்மா எல்லாம் கொடுத்தார். பிப்ரவரியில் கொலெட்டுக்கு இரண்டு நாள் மருந்து ஏறியது. ஜினெட் அந்த இரண்டு நாளும் விடுப்பு. ஊரில் அன்று பார்த்து முக்காலடி பனி. மாற்று ஆள் ஓட்டியதில் மூன்று தபால் பெட்டிகள் போயின. யாரும் முணுமுணுக்கவில்லை.

மருந்து ஏறிய மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. கையெழுத்து கொஞ்சம் பெரிதானது. தோள் துள்ளுவது குறைந்தது. சாப்பாடு மட்டும் பாக்கெட்டிலேயே நின்றது. மார்ச் வந்தது. ஜினெட் கடைக்கு வருவாள், மாத்திரை வாங்குவாள், நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். அவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

ஏப்ரலில் ஒரு மதியம் கடையில் தொலைபேசி அடித்தது. ஜினெட். அக்கா வீட்டிலிருந்து பேசுகிறாள். பின்னால் இரண்டு பெண் குழந்தைகள் கத்திக்கொண்டிருக்கும் சத்தம்.

"சாம், ஒரு நிமிஷம் கேளு. கொலெட்டும் என் அக்கா பொண்ணு டெனிஸும் பீட்சா சாப்பிட்டாங்க. ஒரே பெட்டியில. கடைசித் துண்டு ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் அது வேணும்."

"சரி."

"கொலெட் அதை எடுத்து, டெனிஸ் கண்ணு முன்னாடி, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் நக்கிட்டா. இனிமே இது என்னோடதுன்னு சொன்னா."

நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். "டெனிஸ் என்ன பண்ணினா?"

"அவளும் லேசுப்பட்டவ இல்ல. பிடுங்கி மறுபக்கத்தை நக்கிட்டா." ஜினெட்டின் குரல் உடைந்து போயிருந்தது. "இப்ப என் பொண்ணு அதைத் தின்னுக்கிட்டிருக்கா, சாம். அப்படியே தின்னுக்கிட்டிருக்கா."